சின்ன மைதானத்தின் பெரிய ஓட்டக்காரர்

பெரிய பல்கலைக்கழகங்கள் ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. டேனி உட்ஹெட் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்து 7,962 கெஜம் ஓடிக் காட்டினார். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது: யாரை எதிர்த்து ஓடினார்?

விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடை அது. கட்டுமஸ்தான, ஆனால் குள்ளமான இளைஞர் ஒருவர் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சட்டை ஒன்றை வருகிறவர்களிடம் விற்கப் பார்க்கிறார். சட்டையின் முதுகில் உள்ள பெயர் உட்ஹெட். வாங்க வந்தவர்களுக்கு அந்தப் பெயரில் பெரிய ஆர்வம் இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே எதிரில் நின்று வியாபாரம் பேசுகிறார் என்பதும் உறைக்கவில்லை. ஜெட்ஸ் அணியின் பயிற்சி முகாமைப் படமெடுத்த 'ஹார்டு நாக்ஸ்' என்ற ஹெச்.பி.ஓ. டெலிவிஷன் தொடருக்காக 2010இல் செய்த குறும்பு இது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விசித்திரம் உண்டு. அந்த நேரத்தில் டேனி உட்ஹெட், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மொத்த வரலாற்றிலும் பந்தோடு அதிக தூரம் ஓடியவர்களின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன்புவரை முதலிடத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவரைக் கடைக்கு வந்த ரசிகர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. காரணம் ஒன்றுதான். அந்தத் தூரத்தையெல்லாம் அவர் ஓடியது யாரும் பார்க்காத மைதானங்களில்.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, 100 கெஜ நீள மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பந்தைக் குறைந்தது 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் 'டச்டவுன்', 6 பாயின்ட். முன்னே போக இரண்டு வழி: எறிந்து பிடிப்பது, கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. ஓடுகிறவரின் பெயர்தான் 'ரன்னிங் பேக்'.

சடுகுடுவில் பாடிப் போகிறவரைக் கோட்டுக்குத் திரும்பவிடாமல் பிடித்து அமுக்குவார்கள். ரன்னிங் பேக்கின் பிழைப்பும் அதே ஜாதிதான். வித்தியாசம், அவரை அமுக்க வருகிறவர்களில் பலர் 100 முதல் 140 கிலோ எடை, முழு வேகத்தில் வருவார்கள். ஓர் ஆட்டத்தில் இப்படி 20, 30 முறை. இந்த வேலைக்கு உயரம், எடை, வேகம் மூன்றையும் அளந்து பார்த்துத்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் ஆள் எடுக்கும். உட்ஹெட்டின் உயரம் 5 அடி 8 அங்குலம்.

ரயில் ஊரின் பையன்

உட்ஹெட் பிறந்தது 1985 ஜனவரி 25, நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்ற ஊரில். யூனியன் பசிபிக் ரயில்வேயின் பெய்லி யார்டு அங்குதான் இருக்கிறது. சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் உலகின் மிகப் பெரிய யார்டு அது. சுற்றிலும் சோளக்காடும் மேய்ச்சல் நிலமும். மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அந்த இடத்தை நிரப்புவது லிங்கன் நகரில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் 'கார்ன்ஹஸ்கர்ஸ்' அணி. அதன் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துவருவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 80,000க்கு மேல் கூட்டம். ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பது அங்கே வழக்கமான பேச்சு.

1994, 1995, 1997 ஆகிய மூன்று சீசன்களில் தேசியப் பட்டம் வென்ற அணி அது. அந்த ஆண்டுகளில் நெப்ராஸ்காவில் வளர்ந்த பையன்களுக்கு அதைத் தவிர வேறு கனவு இருக்க நியாயமில்லை. உட்ஹெட் பள்ளியிலேயே மாநிலத்தின் முதல்நிலைப் பிரிவில் ஓட்டச் சாதனை படைத்தார். 2002 சீசனில் மட்டும் 2,000 கெஜத்துக்கு மேல். கூடைப்பந்திலும் தடகளத்திலும் அவர் பெயர்தான் முன்னால் நின்றது.

ஆனாலும் முதல் டிவிஷன் பல்கலைக்கழகம் எதுவும் ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. லிங்கனில் 'வாக்-ஆன்' என்ற ஏற்பாடு உண்டு. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, அணியில் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த வழியாக வந்து பெயரெடுத்த உள்ளூர்ப் பையன்கள் பலர். உட்ஹெட்டுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. அவர் அதில் நுழையவில்லை. மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஷாட்ரன் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய அண்ணனும் அங்கே ஆடியவர்.

ஷாட்ரன், மக்கள்தொகை சுமார் 5,000 உள்ள ஊர். லிங்கனிலிருந்து 400 மைலுக்கு மேல். கல்லூரி 1911இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கிருந்து பெரிய மேடைக்குப் போன ஒரே பெரிய பெயர் அதுவரை டான் பீபி. எருமை மாடு பெயர் தாங்கிய பஃபலோ பில்ஸ் அணியிலும் கிரீன் பே பேக்கர்ஸிலுமாக ஆறு சூப்பர் பவுல்களுக்குப் போன அணிகளில் இருந்தவர். சேரும்போது உட்ஹெட்டின் திட்டம் எளிமையானது: கணித ஆசிரியர் படிப்பு, அப்படியே கால்பந்து.

இரண்டாம் படி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் நடத்துகிறது. 1973இல் அது கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையின் பொருளாதாரம் நம் ஊர் மருத்துவக் கல்லூரி சீட் கணக்கைப்போல ஈவு இரக்கமற்றது. உட்ஹெட் ஆடிய காலத்தில் முதல் டிவிஷனின் மேல்தட்டு அணி ஒவ்வொன்றும் 85 கால்பந்து வீரர்களுக்கு முழு ஸ்காலர்ஷிப் தரலாம். இரண்டாவது டிவிஷனில் மொத்தம் 36தான். அதையும் துண்டுபோட்டுப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஷாட்ரன் இரண்டாவது டிவிஷன்.

டெலிவிஷன் கேமரா வராது. விமானமும் கிடையாது, பஸ்தான். ஷாட்ரன் ஆடிய ராக்கி மவுன்டன் கான்ஃபரன்ஸில் மலைக் கல்லூரிகள் பல. அதில் ஒன்றான கொலராடோவின் கன்னிசன் நகர் மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். மூச்சு வாங்கும் அந்தக் காற்றில்தான் ஓட வேண்டும்.

உட்ஹெட் ஓடினார். 2004இல், சேர்ந்த முதல் சீசனிலேயே 1,840 கெஜம், 25 டச்டவுன். அடுத்த ஆண்டு 1,769 கெஜம், 21 டச்டவுன். மூன்றாவது ஆண்டு நடந்தது ஒரு வெடிப்பு. 2006இல் 13 ஆட்டங்களில் 2,756 கெஜம், 34 டச்டவுன். அதற்கு முன் ஒரே சீசனில் அதிக தூரம் என்று என்.சி.ஏ.ஏ. புத்தகங்களில் இருந்தது 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் ஓடிய 2,628. சாண்டர்ஸ், இந்த விளையாட்டின் தெய்வங்களில் ஒருவர். அவர் பெயருக்கு மேல் 5,000 பேர் வாழும் ஊரின் கல்லூரிப் பையன் பெயர் ஏறியது.

அதே காலத்தில் லிங்கனில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003 சீசன் முடிவில் கோச் ஃபிராங்க் சோலிச்சை அனுப்பிவிட்டுப் பல்கலைக்கழகம் பில் கேலஹனைக் கொண்டுவந்தது. 2004இல் அணி ஐந்தில் வென்று ஆறில் தோற்றது. 1961க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி அதிகமான முதல் சீசன். 2007இலும் அதே கதி, கேலஹனும் போனார். அந்த நான்கு ஆண்டுகளும்தான் மாநிலத்தின் மறுகோடியில் உட்ஹெட் ஓடிக்கொண்டிருந்த நான்கு ஆண்டுகள். கார்ன்ஹஸ்கர்ஸ் ரசிகர்களுக்கு அது ஆறாத புண்.

2007 அக்டோபரில் மொத்தச் சாதனையும் வந்தது. பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி வீரர் ஆர்.ஜே. பவர்ஸ், 2000த்தில் முடித்தபோது 7,353 கெஜத்தில் நின்றிருந்தார். டிவிஷன் எதுவானாலும் அதற்கு மேல் ஓடியவர் கிடையாது. உட்ஹெட் அதைத் தாண்டினார். கடைசி சீசனில் 1,597 கெஜம் சேர்த்து, நான்கு ஆண்டுக் கணக்கை 7,962 கெஜத்தில் முடித்தார். ஏழேகால் கிலோமீட்டர். ஓடியே 101 டச்டவுன், பந்து பிடித்ததும் சேர்த்தால் 109. ஒவ்வொரு முறை பந்தைத் தொட்டு ஓடியபோதும் சராசரி 7 கெஜம். 5 கெஜம் ஓடினாலே நல்ல ஓட்டக்காரர் என்பார்கள்.

இரண்டாவது டிவிஷனின் தலைசிறந்த வீரருக்கான ஹார்லன் ஹில் விருது 2006, 2007 இரண்டு ஆண்டும் அவருக்கே. 2007 நாக்அவுட் சுற்றில் டெக்சஸின் அபிலீன் கிறிஸ்டியன் அணியை, பெரும் பின்னடைவிலிருந்து மீண்டு, மூன்று கூடுதல் நேரம் ஆடி 76-73 என்று ஷாட்ரன் வீழ்த்தியது. கிரிக்கெட் ஸ்கோர்போல இருக்கும் அந்த எண்ணைப் பற்றி அங்கே நெடுநாள் பேசினார்கள்.

சாதனையின் எடை என்ன?

எண்கள் பொய் சொல்லாது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லாது. உட்ஹெட்டின் கணக்கைத் துருவுகிறவர்கள் இரண்டு விஷயங்களை முன்வைப்பார்கள்.

முதலாவது, கணக்கு வைக்கும் முறை. சீசன் முடிந்த பின் நடக்கும் ஆட்டங்களை என்.சி.ஏ.ஏ. 2002 முதல்தான் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. சாண்டர்ஸின் 2,628 கெஜம் 11 ஆட்டங்களில் வந்தது. அந்த சீசனின் கடைசியில் ஹாலிடே பவுலில் அவர் ஓடிய 222 கெஜத்தைச் சேர்த்தால் 2,850. அப்போது உட்ஹெட் பின்னால் போய்விடுவார். அதே விதியால் உட்ஹெட்டும் பாதிக்கப்பட்டார். ஓராண்டுக்குள், 2008 டிசம்பரில், ஒஹாயோவின் மவுன்ட் யூனியன் கல்லூரி வீரர் நேட் கிமிக் 8,074 கெஜத்துடன் அவரைத் தாண்டினார். 8,000ஐத் தொட்ட முதல் ஆள். மூன்றாவது டிவிஷனில் அசைக்க முடியாத சக்தியான மவுன்ட் யூனியன் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் இறுதி ஆட்டம்வரை போகும். அதனால் சீசனுக்கு 15 ஆட்டம். பவர்ஸுக்குக் கிடைத்ததோ சீசனுக்குப் பத்துதான். யார் பெரியவர் என்று கேட்டால், எந்த விதிப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விஷயம்தான் கடுமையானது: எதிரில் நின்றவர்கள் யார்? ரஞ்சிப் போட்டியில் மலைபோல ரன் குவித்தவரைப் பற்றி டெஸ்ட் தேர்வாளர்கள் கேட்கும் அதே கேள்வி. சின்னக் கல்லூரியில் 7 கெஜச் சராசரி பெரிய மைதானத்தில் என்னவாகும்?

பழைய உதாரணங்கள் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கின்றன. மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பர் கல்லூரியிலிருந்து வந்த வால்டர் பேட்டனை 1975இல் சிகாகோ பேர்ஸ் அணி நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. தொழில்முறை லீகான என்.எப்.எல்.லில் அவர் ஓடிய 16,726 கெஜத்தை முறியடிக்க 2002 வரை ஆள் வரவில்லை. அது ஒரு பக்கம். டெக்சஸ் ஏ அண்டு ஐ கல்லூரியின் ஜானி பெய்லி ஹார்லன் ஹில் விருதை மூன்று முறை வென்றவர், 6,320 கெஜம் ஓடியவர். 1990இல் அவரை ஒன்பதாவது சுற்றில்தான் எடுத்தார்கள். உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் வேலையில்தான் அவர் பெயர் எடுத்தார். பவர்ஸுக்குச் சில ஆட்டங்களே கிடைத்தன. கிமிக் என்.எப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

2008 ஏப்ரலில் என்.எப்.எல். தேர்வு நடந்தது. ஏழு சுற்றுகள், 252 இளைஞர்கள். முதல் சுற்றிலேயே ஐந்து ரன்னிங் பேக்குகளை எடுத்தார்கள். உட்ஹெட்டின் பெயரை எந்தச் சுற்றிலும் யாரும் வாசிக்கவில்லை. தேர்வுக்கு முன் எல்லா அணிகளின் நிபுணர்களும் கூடி வீரர்களை அளந்து பார்க்கும் முகாமுக்கே அவருக்கு அழைப்பு இல்லை. தனியாக நடந்த சோதனையில் 40 கெஜத்தை 4.4 விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஓடினார். அது பெரிய பல்கலைக்கழகத்து ஓட்டக்காரர்களுக்கே பொறாமை தரும் வேகம். இருந்தும் குள்ளம், சின்னக் கல்லூரி என்ற இரண்டு முத்திரைகள் அழியவில்லை. ரன்னிங் பேக்குகளில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். வெள்ளைக்கார ரன்னிங் பேக் என்பதும் தேர்வாளர்கள் கண்ணுக்குப் பழக்கமில்லாத காட்சிதான்.

சனிக்கிழமை வந்த வேலை

தேர்வில் விடுபட்டவர்களை அணிகள் தனியே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஜெட்ஸ் கூப்பிட்டது. முதல் முகாமிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது, 2008 முழுவதும் வீண். 2009இல் 15 முறை ஓடி 64 கெஜம். 2010 செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டம் முடிந்த கையோடு ஜெட்ஸ் அவரை வெளியே அனுப்பியது. சட்டை விற்கும் காட்சி ஒளிபரப்பாகிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை.

அடுத்து நடந்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. செப்டம்பர் 18, சனிக்கிழமை, ஜெட்ஸின் பரம எதிரியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. மறுநாள் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், பேட்ரியாட்ஸின் அனுபவசாலி கெவின் ஃபாக்கின் முழங்கால் போனது. எறிந்த பந்தைப் பிடிக்கவும் தெரிந்த ரன்னிங் பேக் அவர். அந்த இடம் காலி. ஒரு வாரம் கழித்து பஃபலோவுக்கு எதிராக உட்ஹெட் இறங்கி, 22 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார்.

அந்த சீசனில் 97 ஓட்டங்களில் 547 கெஜம். சராசரி 5.6. பிடித்த பந்துகள் 34. டிசம்பரில் ஜெட்ஸை பேட்ரியாட்ஸ் 45-3 என்று நசுக்கியபோது, தன்னை அனுப்பிய அணிக்கு எதிராக உட்ஹெட் நான்கு பந்துகளைப் பிடித்து 104 கெஜம் சேர்த்தார். ஜனவரி நாக்அவுட் ஆட்டத்தில் ஜெட்ஸ் பழிதீர்த்துக்கொண்டது வேறு கதை.

2012 பிப்ரவரி 5, இண்டியானாபொலிஸ். 46வது சூப்பர் பவுல். அமெரிக்காவில் மட்டும் 11 கோடிப் பேர் டெலிவிஷன் முன்னால். நியூயார்க் ஜயன்ட்ஸ் முன்னணியில். முதல் பாதி முடியும் தறுவாயில், சொந்த எல்லையிலிருந்து நான்கே கெஜம் தள்ளிக் கிடந்த பந்தை பேட்ரியாட்ஸ் மெல்ல மெல்ல 96 கெஜம் நகர்த்தியது. எட்டு விநாடி பாக்கி இருக்கும்போது டாம் பிராடி எறிந்த பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டியவர் உட்ஹெட். 10-9. கடைசியில் ஜயன்ட்ஸ் 21-17 என்று வென்றது. ஆனால் கடையில் அடையாளம் தெரியாத அந்த முகத்தை, அந்த எட்டு விநாடிக்குப் பிறகு நாடு தெரிந்துகொண்டது.

ஓட்டக்காரர் பிழைத்த வழி

2013இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவருடைய உண்மையான தொழில் என்ன என்பது துலங்கியது. முதல் சீசனில் ஓடியது 429 கெஜம், பிடித்த பந்துகள் 76, அதில் கிடைத்தது 605 கெஜம். 2015இல் 80 பந்துகள். அந்த சீசனில் ரன்னிங் பேக்குகளில் அதைவிட அதிகம் பிடித்தவர் இல்லை. டிசம்பர் 20 அன்று மயாமிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு டச்டவுன், மூன்று பிடித்து, ஒன்று ஓடி. அணி ஊரை விட்டுப் போகிறது, இதுதான் கடைசி ஆட்டம் என்று நினைத்து ரசிகர்கள் கலங்கிய நாள் அது. அணி உண்மையில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது 2017இல்.

முட்டிமோதி இரண்டு கெஜம் பிடுங்கும் ஓட்டத்துக்கு 5 அடி 8 அங்குலம் போதாது என்று தேர்வாளர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காப்பாளரை எதிரில் நிறுத்தி, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, மறுபக்கம் திரும்பிப் பந்தை வாங்கும் வேலைக்கு உயரம் தேவையில்லை. திருப்பமும் கண்ணும் வேண்டும். மேலே நிற்கும் ராட்சதர்களின் மறைவில் குள்ளமானவர் கணநேரம் காணாமல் போவதும் அங்கே லாபம்தான். ஷாட்ரனில் அவரைக் காப்பாற்றிய அதே திருப்பம், இங்கே வேறு வேலையில் சோறு போட்டது.

உடம்பு அதற்கான விலையைக் கேட்டது. 2014இல் மூன்றாவது ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. 2016இல் இரண்டாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் மறுபடி அறுந்தது. 2017இல் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டு, பாதி சீசன் வெளியே. 2018 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். வயது 33.

கூட்டிப் பார்த்தால் என்.எப்.எல்.லில் ஓடியது 2,238 கெஜம், பிடித்தது 300 பந்துகளில் 2,698 கெஜம். மொத்தம் 32 டச்டவுன். ரன்னிங் பேக்கின் தொழில் ஆயுள் சராசரி மூன்று ஆண்டுகூட இல்லை என்பது வீரர்கள் சங்கம் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தேர்வில் பெயரே வாசிக்கப்படாதவர், காயத்தில் போன சீசன்களையும் சேர்த்து, பத்து சீசன் அந்த லீகில் இருந்தார்.

ஆக, யாரை எதிர்த்து ஓடினார் என்று கேட்டவர்களும் முழுத் தவறு இல்லை, அவரை நம்பியவர்களும் தவறு இல்லை. கல்லூரியில் ஒரே சீசனில் ஓடிய தூரத்தை அவர் என்.எப்.எல்.லில் மொத்த வாழ்நாளிலும் ஓடவில்லை. அந்த வகையில் சாதனை அவரோடு கூட வரவில்லை. கூட வந்தது சாதனைப் புத்தகம் அளக்காத ஒன்று. கையில் ஒட்டும் பந்து, எதிராளியின் சாய்வைப் படிக்கும் கண், மூன்று முறை காலை ஒட்டவைத்துக்கொண்டு திரும்பி வரும் பிடிவாதம். இவற்றை உயரம் அளக்கும் கோலும் காட்டாது, ஸ்டாப்வாட்சும் காட்டாது.

கால்பந்து முடிந்ததும் அவர் கோல்ஃபைக் கையில் எடுத்தார். பொழுதுபோக்காக அல்ல. 2021இல் அமெரிக்க அமெச்சூர் ஃபோர்-பால் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றார். 2022இல் யு.எஸ். ஓப்பன் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தையும் தாண்டினார். அந்த விளையாட்டில் யாரும் உயரம் கேட்பதில்லை.

கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபம் நெடுங்காலம் பெரிய பல்கலைக்கழகத்து வீரர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 1996இல்தான் சின்னக் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. பேட்டன் அந்த ஆண்டே உள்ளே போனார். உட்ஹெட்டின் முறை 2024இல் வந்தது. அந்த ஆண்டுப் பட்டியலில் ராண்டி மாஸ், லாரி ஃபிட்ஸ்ஜெரல்டு, ஜூலியஸ் பெப்பர்ஸ் போன்ற, அறிமுகம் தேவைப்படாத பெயர்கள் இருந்தன. கோச்சுகள் பிரிவில் ஃபிராங்க் சோலிச்சும் இருந்தார். உட்ஹெட் பள்ளியில் ஓடிக்கொண்டிருந்தபோது லிங்கனில் கார்ன்ஹஸ்கர்ஸ் அணியை நடத்திக்கொண்டிருந்த அதே சோலிச். மாநிலத்தின் இரண்டு கோடிகளிலிருந்து கிளம்பிய இருவரும் ஒரே ஆண்டில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வீரர்கள் பட்டியல் ஆங்கில அகர வரிசையில் இருந்தது. 19 பெயர்களில் உட்ஹெட் கடைசி. பக்கத்தில் ஒரே வித்தியாசம்: மற்ற பெரிய பெயர்களுக்கு எதிரில் ஊரெல்லாம் அறிந்த பல்கலைக்கழகங்கள், அவர் பெயருக்கு எதிரில் ஷாட்ரன் ஸ்டேட்.